சித்தப்பாவின் கடைவாய்ப் பல்லும் எங்கள் துறையின் கணிப்பும்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு எங்கள் குடல் அறுவைத் துறையின் 'முன்கணிப்பு எண்'ணைக் கண்டுபிடித்தது. இடையில் நடந்தவை அவ்வளவு முக்கியமல்ல.

ரத்தத்தில் இரண்டு வகை வெள்ளணுக்களை எண்ணி, ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் வருவது அந்த எண். உடம்பில் அழற்சி இருந்தால் ஏறும். எண் ஏறியவர்களுக்குப் புற்றுநோய் அறுவை செய்தால் பலன் மோசமாக இருக்கக்கூடும் என்கிறார்கள். ஆகவே ஐந்தைத் தாண்டியவர்களை எங்கள் துறை தொடுவதே இல்லை, 'காத்திருப்பு'க்கு அனுப்பிவிடும். தாழ்வாரத்துப் பலகையில் "அறுவைக்குப் பின் மரணம்: பூஜ்யம்" என்று பொன்னெழுத்தில் மின்னுவது இப்படித்தான்.

வகுப்பது என் வேலை. மாலை வகுப்பில் புள்ளியியல் படிக்கிறேன் என்பதால் எதையும் மூன்று முறை வகுப்பேன். என் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

சித்தப்பாவின் ரத்தம் வந்தபோதும் மூன்று முறை வகுத்தேன். ஒன்பது. குடலில் சின்னக் கட்டி, ஆரம்பக் கட்டம், இப்போதே வெட்டி எடுத்தால் பிழைத்துவிடுவார் என்று ஸ்கேன் சொல்லியிருந்தது. ஆனால் ஸ்கேன் வெறும் படம்தானே!

தாழ்வாரத்தில் சித்தப்பா கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"கவலைப்படாதீங்க சித்தப்பா."

"கவலை எவனுக்கு? கடைவாய்ப் பல்லு பாப்பா! கன்னம் பன்னு மாதிரி வீங்கிக் கிடக்கு பாரு. டாக்டர்கிட்ட சொன்னா, நீங்க வந்தது குடலுக்குங்கிறாரு."

வாரக் கூட்டத்தில் தயக்கத்துடன் எழுந்தேன். தயக்கம் எனக்குப் பழக்கம், எழுந்ததுதான் புதிது.

"சார், அவருக்குப் பல்லுல சீழ். எண்ணு அதனாலகூட ஏறியிருக்கலாம்ல? ஒரு தடவை வாயத் திறந்து பாத்தா..."

துறைத்தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "ஏம்மா, நாம குடல் துறை. வாய்க்கும் நமக்கும் என்ன சம்பந்தம்?"

"ரெண்டும் ஒரே குழாய்தானே சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்து, அவசரமாக அதை இருமலாக்கிக்கொண்டார்.

"காரணம் தேடுறது வேற, கணிக்கிறது வேற. நாம கணிக்கிறவங்க. நடுவுல நீ பல்லப் பிடுங்கிட்டா நம்ம ஆராய்ச்சி என்னாகுறது?"

ஆராய்ச்சி கெடுவதைவிடப் பல் கெடுவது மேல்! எவ்வளவு உயர்ந்த நோக்கு! உட்கார்ந்துவிட்டேன். மாலையில் படிக்கிறவள் பகல் அறிஞர்களைச் சந்தேகிக்கலாமா?

பல் பிரிவு அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில்தான் இருந்தது. ஆனால் 'காத்திருப்பு' நோயாளியை அங்கே அனுப்பத் துறைத்தலைவரின் கையெழுத்து வேண்டும். அவர் மாநாடு மாநாடாகப் போய்க்கொண்டிருந்தார், எண்ணைப் பற்றிப் பேச.

"வெளியில போய்ப் பிடுங்கிக்கலாமே," என்றேன் வீட்டில்.

"எங்களக் கேக்காம எந்த வைத்தியமும் செய்யக் கூடாதுன்னு ஆஸ்பத்திரி அட்டையில போட்டிருக்கே," என்றார் சித்தி. "உங்க ஆஸ்பத்திரிதானே, நீயே இப்படிச் சொல்லலாமா?"

மாதங்கள் போயின. கடைசியில் வலி பொறுக்காமல் சித்தப்பா அட்டையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டு, தெருமுனைப் பல் டாக்டரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டார். அடுத்த ரத்தம் வந்தது. இரண்டு!

கூட்டத்தில் கைதட்டல். "பாத்தீங்களா, காத்திருப்பே ஒரு சிகிச்சை!" என்றார் துறைத்தலைவர். பல்லை யாரும் குறிப்பிடவில்லை. அது எங்கள் துறை அல்ல.

அறுவைக்கு முன் புதிய ஸ்கேன் எடுத்தார்கள். புற்று கல்லீரலுக்கும் பரவியிருந்தது. இனி வெட்டிப் பயனில்லை.

"இப்பதான் நம்பர் நல்லா இருக்கே டாக்டர்?" என்றார் சித்தி.

"மோசமாத்தான் போகும்னு நாங்க முதல்லயே சொன்னோமேம்மா," என்றார் துறைத்தலைவர், மிக மென்மையாக.

சித்தப்பா வீட்டில்தான் இறந்தார். ஆகவே பலகையில் பூஜ்யம் பத்திரம். அவர் பெயருக்கு நேரே 'கணிப்பு: சரி' என்று பதிந்தவள் நான்தான். மூன்று முறை சரிபார்த்தேன், பிழையே இல்லை. எங்கள் கணிப்பு ஒருநாளும் பொய்த்ததில்லை. பலிக்கும்வரை நோயாளியைக் காக்க வைக்கிறோம்.