சாப்ட்வேருக்குப் பூக் கேட்டோம்

மண்டி மொஹல்லா, மைசூர்
சனிக்கிழமை இரவு

என்மேல் என்றும் பிரியமுள்ள ஆறுமுகசாமி அண்ணாவுக்குத் தங்கை மீனா வணக்கத்துடன் எழுதுவது. நான், உங்கள் மாப்பிள்ளை, காவேரி மூவரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றில் ஒன்றுதான் உண்மை, அதுவும் காவேரி தூங்குவதால். அங்கே அண்ணியும் குழந்தைகளும் நலமாக இருக்க நஞ்சுண்டேஸ்வரரை வேண்டுகிறேன்.

அண்ணா, உங்கள் ஆபீசில் கழித்துப் போட்ட கம்ப்யூட்டரைக் காவேரி பாட்டுப் பார்க்கட்டும் என்று அனுப்பிவைத்தீர்களே, அதில் அவள் பார்த்தது ஒரே ஒரு பாட்டு. அதற்குள் இவர் வேலை பார்க்கும் நஞ்சன்கூடு பேக்டரியில் ஆள் குறைக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு கிளம்ப, இவர் இனி எவனையும் நம்பிப் பிழைக்க மாட்டேன், ஷேர் வாங்கி விற்பேன் என்று லீவு போட்டுவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்தவர்தான். இன்றுவரை ஒரு ஷேர்கூட வாங்கவில்லை. விலை ஏறுவதைப் பச்சையிலும் இறங்குவதைச் சிவப்பிலும் படமாகப் போட்டுக் காட்டும் சாப்ட்வேரில் எது நல்லது என்று தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்கிறார். "ஸ்டெதாஸ்கோப் வாங்காம எவனாச்சும் டாக்டர் ஆவானா மீனா?" என்றார். "படிக்காமயும் ஆக மாட்டாங்க" என்று சொல்லித் தொலைத்தேன். ரெண்டு நாள் சாப்பாட்டுத் தட்டையும் கம்ப்யூட்டர் முன்னாலேயே வைத்துக்கொண்டார்.

ஒவ்வொரு சாப்ட்வேரையும் ஒரு மாதம் சும்மா தருகிறார்கள். மாதம் முடிந்தால் இவர் அடுத்த ஆள் பெயரில் வாங்குவார். அவர் பெயர் முடிந்து, என் பெயர் முடிந்து, இப்போது ஹனூரில் இருக்கும் இவர் அம்மா, என் அத்தை பெயர். பதிவுக்காக அத்தை போனுக்கு வரும் ரகசிய எண்ணைப் பக்கத்து வீட்டு லிங்கம்மா படித்துச் சொல்கிறாள். விற்கிற பையன் தினமும் அத்தைக்குப் போன் செய்து, "சாமியாத்தாள் மேடம், சாப்பிட்டாச்சா, சார்ட் எப்படி இருக்கு?" என்கிறானாம். "எம்பட பையன்கூட ஒரு நாளும் இப்பிடிக் கேட்டதில்லையே சாமி" என்று அத்தை என்னிடம் அழுகிறார்கள்.

கடைசியில் ரெண்டில் வந்து நின்றது. ஒன்று வேகமாக ஓடும், ஆனால் விலை எங்கே போகும் என்று படத்தின் மேல் கோடு போட்டுப் பார்க்க முடியாது. மற்றதில் கோடு போடலாம், ஆனால் மார்க்கெட் திறக்கிற நேரம் பார்த்து நின்றுவிடும். சரி, சாமியிடமே கேட்போம் என்று ஹனூருக்குப் போய் அத்தை ஊர்க் கோயிலில் பூக் கேட்டோம். வெள்ளை வந்தால் முதலாவது, சிவப்பு வந்தால் ரெண்டாவது. பூசாரி ஜடையன் ரெண்டு பூவையும் தனித்தனிப் பொட்டலமாக மடித்துக்கொண்டே, "என்னத்துக்குங்க, கல்யாணத்துக்கா, கெணத்துக்கா?" என்றார்.

"சாப்ட்வேருக்குங்க."

"செரி. எந்தத் தெசையில வெட்டறீங்க?"

காவேரி எடுத்த பொட்டலத்தில் சிவப்பு. உங்கள் மாப்பிள்ளைக்கு முகமே விழுந்துவிட்டது. "செவப்புன்னா எறக்கமுங்க. இதை எப்பிடி நல்ல வாக்குன்னு எடுத்துக்கறது? பச்சையில பூ எதாச்சும் இல்லீங்களா?" என்றார். ஜடையன் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "சாமி சொன்னதுக்கப்பறம் கேள்வி கேக்கறவனுக்கு நான் மணி அடிக்க மாட்டேன்" என்று நடை சாத்திவிட்டார். ஊரே பார்த்தது அண்ணா.

இது சிரிக்கிற விஷயமாக இருந்தால் உங்களைத் தொந்தரவு செய்வேனா? பள்ளிக்கூடத்தில் மிஸ் சிவப்புப் பென்சிலைக் காட்டி இது என்ன கலர் என்றதற்குக் காவேரி, "லாஸ்" என்றாளாம். மளிகைக் கடை கணேசன் என்னைக் கண்டால் கடன் கேட்பேன் என்று உள்ளே போய்விடுகிறார். இன்று மதியம் பேக்டரி சூப்பர்வைசர் முனிராஜ் வாசலில் வண்டியை நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: "சோமவார பரலில்லா அந்த்ரே, ஆமேலே பரோதே பேடாம்மா." திங்கட்கிழமை வராவிட்டால் அப்புறம் வரவே வேண்டாமாம். உள்ளேயிருந்து இவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். திரையை விட்டுத் திரும்பவில்லை. அந்த முதுகைப் பார்த்தபோதுதான் அண்ணா எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

நான் சொன்னால் எடுபடாது. நீங்கள் சொன்னால் கேட்பார். தபாலுக்கு நேரமில்லை, இந்தக் கடிதத்தைப் படம் எடுத்து இன்று இரவே உங்கள் போனுக்கு அனுப்புகிறேன். நாளைக்கு அவசியம் போன் செய்து, "இருக்கிற சாப்ட்வேர் எதுவும் சரியில்லை மாப்ள, நல்லது ஒன்று வரப்போகுது, அதுவரைக்கும் வேலைக்குப் போங்க" என்று மட்டும் சொல்லுங்கள். அந்த வேலை ஒன்றுதான் எங்களுக்கு மிச்சம். ஒவ்வொன்றிலும் என்ன குறை என்று நீங்கள் எடுத்துச் சொன்னால்தான் நம்புவார். அதை நானே பார்த்துக் கீழே எழுதிவிடுகிறேன், அவரும் இப்போதுதான் அசந்து தூங்குகிறார்.

அண்ணிக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு முத்தம். உங்கள் வீட்டில் என்றும் விளக்கு எரியட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை
மீனா

பி.கு.: குறை பார்க்கத்தான் உட்கார்ந்தேன். அந்த ரெண்டும் குப்பைதான் அண்ணா, இவருக்குத் தேர்ந்தெடுக்கவே தெரியவில்லை. மூன்றாவதாக ஒன்றை எங்கள் எல்லார் பெயரிலும் வாங்கிப் போட்டும் இவர் திறந்தே பார்க்கவில்லை. அதில் நானே கோடு போட்டேன், என்ன அழகாக விழுகிறது தெரியுமா! நீங்கள் போன் செய்ய வேண்டாம். இவருக்குக் கடும் ஜுரம், திங்கட்கிழமை வர மாட்டார் என்று முனிராஜுக்கு மெசேஜ் அனுப்பிவிட்டேன். இதைக் கற்றுக்கொள்ள ஒரு மாதம் போதும். எங்கள் பெயரெல்லாம் அதிலும் இன்றோடு தீர்ந்துவிட்டதால் உங்கள் பெயரில் பதிந்திருக்கிறேன். காலையில் உங்கள் போனுக்கு ஓர் எண் வரும், உடனே அனுப்புங்கள். அண்ணியின் நம்பரும் வேண்டும்.