பிஸ்கட் டின்னில் இருந்த புரோகிராம்

மில்லர்புரம், தூத்துக்குடி
9-2-1976

மதிப்பும் பிரியமும் நிறைந்த மாப்பிள்ளை எஸ்றா அவர்களுக்கு, மாமனார் கிருபாநிதி எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் இங்கே யாவரும் சுகம். ஜீவமணிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, மாங்காய் கேட்கிறாள். அங்கே உங்கள் உடம்பும் உங்கள் கம்ப்யூட்டரின் உடம்பும் நலம்தானே? இனி வருவதை உட்கார்ந்துகொண்டு வாசிக்கவும்.

கிறிஸ்மஸுக்கு வந்தபோது உங்கள் வேலை என்னவென்று கேட்டேன். கம்ப்யூட்டரின் மெமரி ஒரு சின்ன அறை மாதிரி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு பொருளையும் ஏதாவது ஒரு பெயர் பிடித்துக்கொண்டிருக்கும், பிடித்த பெயர்கள் எல்லாம் விட்டுவிட்டால் அது அநாதைப் பொருள், அதை அகற்றி இடத்தைக் காலி செய்யத்தான் புரோகிராம் எழுதுகிறேன் என்றீர்கள். துறைமுகக் கிடங்கில் முப்பத்தொரு வருஷம் நானும் அதைத்தானே செய்தேன்! தொட்டில் கட்ட இடம் வேண்டும் என்று உங்கள் அத்தை சொன்னதும், உங்கள் முறைப்படியே வீட்டைக் காலி செய்யத் துணிந்தேன். உடைந்த குடை, முள் உடைந்த ரேடியோ, ஒற்றைச் செருப்பு எல்லாம் போயின. கடைசியில் அலமாரி மேலே ஒரு பெரிய பிஸ்கட் டின்.

"ஏளா ஞானதீபம், பழைய பிஸ்கட் டின் வேணுமா?" என்று உங்கள் அத்தையைக் கேட்டேன்.

"எனக்கு எதுக்கு? தூரப் போடுங்க!"

அடுப்படியில் கிடக்கும் காலி டின்னைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து ஜீவமணியும் "வேண்டாம்ப்பா" என்றுவிட்டாள். திறந்தால் உள்ளே ஓட்டை ஓட்டையாக அட்டைகள். செல்லரித்துவிட்டது என்று வருத்தப்பட்டு, பழைய பேப்பர் வாங்கும் சங்கரலிங்கம் அண்ணாச்சியிடம் டின்னோடு கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் ஜீவமணி வந்து நின்றாள். "அப்பா, இங்கன இருந்த அவுக புரோகிராம் எங்க?"

"புரோகிராமா? அது மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வயித்துக்குள்ளல்லா இருக்கும்!"

"கிறிஸ்மஸுக்கு வந்தப்ப அவுக விட்டுட்டுப் போனத பிஸ்கட் டின்னுக்குள்ள வச்சிருந்தேன்ப்பா! அட்டையில ஓட்டை போட்டுத்தான் புரோகிராம் எழுதுவாக, அறுநூத்திப் பன்னெண்டு அட்டை!"

ஒரே பொருளை அவள் 'புரோகிராம்' என்ற பெயரால் பிடித்திருக்கிறாள், நான் 'பிஸ்கட் டின்' என்ற பெயரால். என் பெயர் ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு அகற்றிவிட்டேன். 'எல்லாப் பெயரும் விட்ட பிறகு' என்று நீங்கள் விரல்விட்டு எண்ணிக் காட்டியபோது நான் முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது நினைவு வருகிறது.

உங்கள் அத்தையும் நானும் அண்ணாச்சி கடைக்கு ஓடினோம். "கெட்டி அட்டையில்லா சார், வந்த அன்னைக்கே போயிட்டு. பாதி ரோச் பேக்கரிக்கு, பாதி ஆறுமுகநேரி உப்பளத்துக்கு" என்றார். பேக்கரியில் உங்கள் புரோகிராம் தட்டுத் தட்டாக மக்ரூனுக்கு அடியில் இருந்தது. "ஒட்டாம அழகா வருது சார், இன்னும் இருந்தாக் குடுங்க" என்று ரோச் என்னிடமே கேட்கிறார்! உப்பளத்தில் அட்டைகள் மூட்டைக்கு மூட்டை அடையாளச் சீட்டாகத் தொங்கின. "ஓட்டை போட்டே வருது, கயிறு கோக்க எம்புட்டுத் தோது" என்றார் மேஸ்திரி சிவனாண்டி. வெயிலில் நின்று ஒவ்வொரு மூட்டையாக அவிழ்த்தோம்.

நான்கு நாளாக உங்கள் அத்தை ஓரத்து நம்பரை வாசிக்க நான் அடுக்குகிறேன். அறுநூற்று ஒன்பது சேர்ந்துவிட்டது. 88, 301, 302 மட்டும் இல்லை. சனிக்கிழமை இருவரும் மறுபடி ஆறுமுகநேரி போகிறோம். அட்டையில் மக்ரூன் வாசம் இருக்கிறது. கம்ப்யூட்டருக்குள் எறும்பு வந்தால் அதற்கும் நானே பொறுப்பு. பெரிய மனது பண்ணி மன்னிக்கவும்.

கர்த்தர் உங்களையும், உங்கள் உத்தியோகத்தையும், மிச்சமிருக்கும் மெமரியையும் காப்பாராக.

இப்படிக்கு,
தலைகுனிந்த மாமனார்
கிருபாநிதி

பின்குறிப்பு: அத்தான், இது ஜீவமணி. கடிதத்தை ஒட்டச் சொல்லிவிட்டு அப்பா குளிக்கப் போயிருக்கிறார்கள். 'அலமாரி மேல் இருப்பது தப்பான பழைய அட்டை, புதிதாக அடித்துவிட்டேன், அதைத் தூரப் போட்டுவிடு' என்ற உங்கள் கடிதம் அவர்கள் பேக்கரிக்குப் போயிருந்த அன்றே வந்துவிட்டது. நான் மூச்சு விடவில்லை. அப்பா ரிட்டயர் ஆனதிலிருந்து அம்மாவும் அவர்களும் சேர்ந்தாற்போல் பத்து வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இப்போது விடிந்ததிலிருந்து "முந்நூத்தி மூணு எங்கேளா?", "ஒங்க மடியிலதான் பாருங்களேன்" என்று ஒரே பேச்சும் சிரிப்பும். சனிக்கிழமை பஸ்ஸுக்கு அம்மா புளிச்சோறு கட்டப் போகிறார்களாம், நல்ல சேலையை வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். ஆகையால் பதிலைக் கொஞ்சம் கோபமாகவே எழுதுங்கள்.