ஆளுக்கொரு டிஸ்க்

"பாருங்க, ஓடிக்கிட்டு இருக்கறப்பவே உருவுறேன்" என்று சொல்லிவிட்டு, முதலாளி நல்லுசாமி சர்வரிலிருந்து ஒரு டிஸ்க்கை உருவிக் காட்டினார். பச்சை விளக்கு மஞ்சளானது. விருந்தாளியாக வந்திருந்த பஞ்சாயத்துத் தலைவர் வாயைப் பிளந்தார். ஓரமாக நின்ற மேனேஜர் அருள்முருகன் அதை வாங்கித் திரும்பச் செருக ஓடிவந்தான்.

இந்த வாரத்தில் இது ஒன்பதாவது தடவை.

அரியலூரில் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரி ஆபீஸ் அது. லாரிகளுக்குப் பில் போட ஒரு சர்வர் வாங்கலாம் என்று யோசனை சொன்னவன் அருள்முருகன்தான். அது படுத்தால் நாற்பது லாரியும் நிற்கும், லாரி நின்றால் உன்னைக் குவாரி எடைமேடைக்கு அனுப்பிவிடுவேன் என்று முதலாளி முன்கூட்டியே சொல்லியிருந்தார். அங்கே போனவர்கள் ஒரே மாதத்தில் புருவம் வரை வெளுத்துத் திரும்புவார்கள்.

டிஸ்க் இரண்டிலும் இருப்பது ஒரே விவரம்தான், ஒன்றைக் கழற்றினால் இன்னொன்று தாங்கும், இரண்டையும் கழற்றினால் கதை முடிந்தது என்று அவன் பணிவாக எடுத்துச் சொன்னான். சொல்லாமலே இருந்திருக்கலாம். மறுநாளிலிருந்து முதலாளி ஒன்றை உருவிவிட்டு, இரண்டாவதன் மேல் கையை வைத்துக்கொண்டு வந்தவர்களைப் பயமுறுத்த ஆரம்பித்தார்.

சரி, கவனத்தையாவது திருப்புவோம் என்று, கரண்டுக்கும் இரண்டு வயர் இருக்கிறது, ஒன்றைப் பிடுங்கினாலும் ஓடும் என்றான். முதலாளிக்கு ஏகக் குஷி. வலது கையில் டிஸ்க், இடது கையில் வயர் என்றாகிவிட்டது.

கடைசியில், பிற்பாடு டிஸ்க் கூட்டிக்கொள்வதற்காக விட்டிருந்த ஆறு காலி இடங்களிலும் வெறும் டப்பாக்களைச் செருகி, இதை உருவிக் காட்டுங்கள் என்று கெஞ்சினான். நல்லுசாமி உருவிப் பார்த்தார். விளக்கு எரியவில்லை.

"ஏம்ப்பா, வந்தவங்கள ஏமாத்தச் சொல்றியா? அசலத்தான் உருவணும். இனிமே வர்றவங்க கையாலயே உருவட்டும். அதான் மரியாத."

வெள்ளிக்கிழமை இரண்டு பேர் ஒன்றாக வந்து சேர்ந்தார்கள். ஒருவர் முதலாளியின் சம்பந்தி அரியமுத்து. மற்றவர் லப்பைக்குடிகாட்டு டயர் வியாபாரி நைனா முகமது, இருபது வருஷப் பழக்கம். ஒருவருக்கு மரியாதை செய்துவிட்டு இன்னொருவரை வேடிக்கை பார்க்க வைக்க முடியுமா? சம்பந்தியை விட்டால் மகளுக்குப் பேச்சு விழும். பாயை விட்டால் நல்லுசாமிக்கே மனசு கேட்காது.

"ஆளுக்கு ஒண்ணு உருவுங்க" என்றார்.

அருள்முருகன் குறுக்கே பாய்வதற்குள் இரண்டு டிஸ்க்கும் இரண்டு பெரியவர்களின் கையில் தாம்பூலம் மாதிரி இருந்தன. அவன் அப்படியே நாற்காலியில் சரிந்தான். பெண்டாட்டி பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள். பக்கத்து அறையில் பில் போடும் அனுசுயா அலறப்போகிறாள் என்று காத்திருந்தான்.

பிரிண்டர்தான் கிர்ரென்று சத்தம் போட்டது. ஆலத்தியூர் லாரிக்கான பில் ஒழுங்காக வந்து விழுந்தது.

"ரெண்டும் இல்லாமலே ஓடுது பாருங்க" என்று நல்லுசாமி மார்தட்டினார். "பெரம்பலூர் ஆபீசுக்கும் இதே மாதிரி ஒண்ணு வாங்கிப்புடு அருளு. நீ எங்கயும் போக வேணாம், இங்கயே இரு."

அருள்முருகனுக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தச் சர்வரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது.

அப்போது சர்வர் விற்ற கம்பெனியின் அசோக், நீளமான அட்டைப்பெட்டி ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு, மூச்சிரைக்க உள்ளே வந்தான்.

"லேட்டுக்கு மன்னிச்சுக்குங்க சார், உங்க சர்வர் இப்பத்தான் வந்துச்சு, நல்ல நாள் தவறக்கூடாதுன்னு அன்னைக்குப் பூசைக்கு மட்டும் வச்சுட்டுப் போன, வெறும் வெளக்கு மட்டும் எரியுற ஷோரூம் காலிப் பொட்டிய எடுத்துக்கிறேன், பாவம் அனுசுயா அக்காவும் எத்தன நாளைக்குத்தான் அந்தப் பழைய கம்ப்யூட்டர்லயே பில்லு போடுவாங்க?"