அதிகாரி வருகைக்கு அடித்த சுண்ணாம்பு

பெருங்களத்தூர்
12.9.1991

மகாகனம் பொருந்திய அத்திம்பேர் அவர்களுக்கு ஸ்ரீரங்கன் தண்டன் சமர்ப்பித்து எழுதிக்கொண்டது. பெருமாள் கிருபையில் இங்கே எல்லோரும் சௌக்கியம், என் முட்டியைத் தவிர. அங்கே அக்காவின் சௌக்கியத்துக்கும் உங்கள் கோபத்தின் சௌக்கியத்துக்கும் எழுதவும்.

‘போயும் போயும் கல்லறைக்கு எதிரிலா வீடு வாங்கினாய்?’ என்று கிரகப்பிரவேசத்தன்று சாப்பிடாமல் எழுந்துபோனீர்களே, அந்தக் கல்லறைத் தோட்டத்துக்கே ஆபத்து வந்துவிட்டது. இடித்துவிட்டு அடுக்குமாடி கட்ட ஒரு கம்பெனி கிளம்பியது. கட்டினால் எனக்குக் காற்று போச்சு. நீங்களும் அக்காவும் வந்து தங்க நான் எழுப்பப்போகும் மாடியிலிருந்து திருநீர்மலை தெரிவதும் போச்சு. பக்கத்துத் தெரு ஏசுபாதத்துக்கோ அங்கே படுத்திருக்கும் ஏழு தலைமுறையும் போச்சு. ஆகவே இருவரும் கூட்டுச் சேர்ந்தோம். புராதனக் கல்லறைகள், பாதுகாக்க வேண்டும் என்று நான் தொல்பொருள் துறைக்கு இங்கிலீஷில் மனுப் போட, ஓர் அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்.

கேட்டைத் திறந்தேன். மழையில் கறுத்து, பார்த்தாலே பழமை தெரிந்த கல்லறை அத்தனையும் பளிச்சென்று வெள்ளை! கல்லறைத் திருநாளுக்கு வருஷாவருஷம் அடிக்கும் சுண்ணாம்பை ஊரே திரண்டு முன்கூட்டியே அடித்திருந்தது. ஏசுபாதம் பெருமையாக நின்றார்.

“பெரிய மன்ஷன் வர்றாரு. அழுக்கா காட்டினா நம்மள இன்னா நினைப்பாரு சார்?”

“இருநூறு வருஷத்துக் கல்லறைன்னு எழுதினீங்க, போன வாரம் கட்டினது மாதிரி இருக்கே!” என்று என்மேல் பாய்ந்த அதிகாரி, அலுத்துப்போய் ஒரு கல்லறைமேல் உட்கார்ந்தார். ஈரச் சுண்ணாம்பு. அலறி எழுந்தபோது பேண்ட் பாதி வெள்ளை; ஊன்றிய கையோடு ஒரு சுண்ணாம்புப் பத்தையும் பெயர்ந்து வந்தது. அதைத் திருப்பிப் பார்த்தவர் பேண்டை மறந்துவிட்டார். வெள்ளைக்குக் கீழே வெள்ளை, அதற்கும் கீழே வெள்ளை. எல்லாவற்றுக்கும் அடியில், கல்லில் புள்ளி வைக்காத பழைய தமிழ் எழுத்து.

“ஒரு வருஷம்கூட விடாம அடிக்கிறீங்களா?”

ஏசுபாதத்தின் முகம் வாடிவிட்டது. “எங்க தாத்தா காலத்துல வெள்ளம் வந்து ஒரு வருஷம் வுட்டுப்போச்சு சார். அடுத்த வருஷம் ரெண்டு தபா அடிச்சிட்டாங்களாம்.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது, அத்திம்பேர். காற்றுக்காக இறங்கியவனுக்கு அந்த நிமிஷம் காற்று ஞாபகமே வரவில்லை. அதிகாரி அங்கேயே சிபாரிசு எழுதிவிட்டார்.

ஆகவே தை பிறந்ததும் அக்காவோடு வந்துவிடுங்கள். மாடி தயாராக இருக்கும். குழந்தைகளுக்கு ஆசீர்வாதம், அக்காவுக்கு நமஸ்காரம், உங்கள் கோபத்துக்குத் தனியாக ஒன்று.

இப்படிக்கு,
ஸ்ரீரங்கன்

பி.கு.: தபால்தலை வாங்க மறந்து இந்தக் கடிதம் மேஜையிலேயே கிடந்த ஒரு மாதத்துக்குள் உத்தரவு வந்துவிட்டது. கல்லறைத் தோட்டம் பிழைத்தது. ஆனால் சுற்றுவட்டாரத்தில் இனி யாரும் மாடி எழுப்பக் கூடாதாம். அதுகூடப் போகட்டும், கல்லறைகளுக்கு இனிச் சுண்ணாம்பும் அடிக்கக் கூடாதாம்! ஏசுபாதத்திடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். “இன்னா சார் நீங்க, அன்னிக்கு அடிச்சது ஆபீசருக்கு, திருநாளுக்கு அடிக்க வாணாமா? இத்தினி கோட்டுக்கு மேல இன்னொரு கோட்டு அடிச்சா எவனுக்குத் தெரியப்போவுது?” என்றார். திருநாளுக்கு முதல் நாள் வாளி தூக்க நானும் போகிறேன். நீங்களும் தை வரை காத்திருக்காமல் அதற்கே பழைய வேஷ்டியாக ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள்.