அப்பாவின் தலைமாட்டில் வாசனை மெஷின்

பயந்துபோய் இருப்பவர்கள் கையில் ஆன்லைனில் ஆர்டர் போடும் வசதியைக் கொடுக்கவே கூடாது.

அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்து, ஆர்.எஸ்.புரம் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தோம். "நல்லா இருக்கார்" என்று டாக்டர் சொன்னார். நான் நம்பினால்தானே! அப்பா கண் அசந்தால் போதும், மூச்சு வருகிறதா என்று மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். (ஒருமுறை விரலைக் கடிக்க வந்தார்.) அவர் நன்றாகத்தான் தூங்கினார். தூக்கம் போனது எனக்கு. அழுதால் அம்மா பயந்துவிடுவார் என்று அழவும் இல்லை.

என் நிலைமையைப் பார்த்து ஆபீஸ் தோழி ஒருத்தி வாசனை சிகிச்சை சொன்னாள். தண்ணீரில் சில சொட்டு எண்ணெய் விட்டால் மெஷின் அதை மெல்லிய புகையாக விடும்; முகர்ந்தால் டென்ஷன் குறையுமாம். அவள் சொன்னது லாவெண்டர். எனக்குத்தான் மூளை அதிகமாயிற்றே! நம்ம ஊர் மூக்குக்கு நம்ம ஊர் வாசனைதான் சரி என்று மெஷினோடு ரோஜா, சந்தனம், சாம்பிராணி எண்ணெய் மூன்றையும் ஆன்லைனில் வாங்கிக் கலந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா மாத்திரை வாங்கப் போயிருந்தார். அப்பாவும் சேர்ந்து முகரட்டும் என்று ஹாலில் படுக்கை விரித்தேன்.

"கண்ண மூடிக்கோங்கப்பா. கைய மார்மேல வச்சுக்கோங்க. நான் சொல்ற வரைக்கும் அசையக் கூடாது."

"ஏங்கண்ணு, மூச்சாச்சும் உடலாமா?"

வயர் நீளம் பத்தாததால் தலைமாட்டிலேயே மெஷின். அதில் அகல்விளக்குபோல மஞ்சள் வெளிச்சம் வேறு. குளிருமே என்று வெள்ளை வேட்டியை மார்பு வரை போர்த்திவிட்டேன். காற்றோட்டத்துக்கு வாசல் கதவை விரியத் திறந்து வைத்தேன். (இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள் செய்கிற வேலையா இது?)

கருமத்தம்பட்டியிலிருந்து அத்தை, அதாவது அப்பாவின் தங்கை, உடம்பு விசாரிக்க ஆப்பிள் பையோடு வந்தார். செருப்பைக் கழற்றும்போதே மூக்கை உறிஞ்சினார். உள்ளே எட்டிப் பார்த்தார். ஆப்பிளெல்லாம் ஹால் முழுக்க உருண்டது.

"அய்யோ அண்ணா! என்னைய உட்டுப்போட்டுப் போயிட்டீங்களே! இனி எனக்கு ஆருங்ணா இருக்கறாங்க!"

"இல்லீங்கத்தை" என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது அழுகை. நான் உள்ளுக்குள்ளேயே வைத்துப் பயந்துகொண்டிருந்ததை ஒருவர் சத்தமாகச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். அத்தையைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதேன். அதற்குமேல் அத்தைக்குச் சந்தேகம் வருமா? அத்தையைக் கூட்டி வந்து வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்த மாமா, உள்ளே வராமலே ஈரோட்டுப் பெரியப்பாவுக்குப் போன் போட்டுவிட்டார்.

அப்போது படுக்கையிலிருந்து குரல் வந்தது. "கண்ணு, இப்ப அசையலாமா?"

அத்தை ஒப்பாரியை நிறுத்தி, அண்ணன் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தார். "ஏனுங்ணா, நான் அழுவுறது காதுல உழுகலீங்களா?"

"உழுந்துச்சு அம்மணி. புள்ள அசையக் கூடாதுன்னு சொல்லிப்போட்டா. அதுமில்லாம, நீ எனக்காவ இத்தன அழுவேன்னு எனக்குத் தெரியாதே."

அத்தை அதற்கும் அழுதார்.

பெரியப்பாவைத்தான் தடுக்க முடியவில்லை. போனையே எடுக்கவில்லை. மதியம் ரோஜா மாலையோடு வந்து இறங்கினார். அப்பா ரசஞ்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பெரியப்பா மாலையைக் கொண்டுபோய்க் காரிலேயே வைத்துவிட்டு வந்து, தம்பியின் இடது கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட்டு முடியும்வரை விடவில்லை.

சாயங்காலம் கிளம்பியவர், ஒன்றும் சொல்லாமல் படியிறங்கினார். துக்க வீட்டில் 'வாரேன்' என்று சொல்லக் கூடாதல்லவா? பாவம், இன்னும் அந்த நினைப்பிலேயே இருந்திருக்கிறார்.

"அண்ணா! வாரேன்னு சொல்லிப்போட்டுப் போங்க! நான் இருக்கறேன்!" என்று அப்பா கத்தினார்.

அன்றைக்கு நான் தூங்கினேன் பாருங்கள், அப்படி ஒரு தூக்கம். வாசனையால்தான் என்று தோழியிடம் சொல்லிவைத்தேன். அழுததால் என்று எனக்குத் தெரியும்.

மெஷின் இப்போது பரணில் கிடக்கிறது. அத்தை இன்றைக்கும் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சிவிட்டு, "ஏனுங்ணா, உள்ள வரலாமுங்களா?" என்பார். அப்பா உடனே கையை மார்மேல் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன், அந்தக் கை ஏறி இறங்குகிறதா என்று பார்த்துவிட்டு.