புதுப் பிஸ்டனுக்குப் பாரம் ஆகாது

செயின்சோ வைத்திருப்பவர் மரம் அறுப்பார் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருந்தால், வாசகரே, பழைய மெசின் பக்தர் என்ற இனத்தோடு உங்களுக்கு இன்னும் பழக்கம் ஏற்படவில்லை என்று அர்த்தம். கல்முனைக் கரையில் இந்த இனம் அதிகம் இல்லை. ஊருக்கு ஒருவர் போதும். சாய்ந்தமருதில் அந்த ஒருவர் காலிதீன்.

கல்முனைக் கடைத்தெருவில் புடவைக்கடை நடத்தும் மனிதர். மரம் அரிந்து விற்று மூடிப்போன மரக்காலையொன்றின் பழைய இரும்புக் குவியலுக்குள், அவர் பிறப்பதற்கு முன்னமே மரம் அறுத்து ஓய்ந்துபோன ஒரு செயின்சோ அவர் கண்ணில் பட்டது. அன்று பிடித்தது பித்து. பிஸ்டனை மாற்றினார், ரிங்கை மாற்றினார், காபரேட்டருக்காகக் கொழும்புக்குப் போனார், அது சரிவரவில்லை என்று திரும்பவும் போனார், செயினையும் அது ஓடுகிற பாரையும் புதிதாகப் போட்டார், கைபிடியை முதிரைப் பலகையில் கடைந்தெடுத்தார், மூடிக்குக் கல்யாண வீட்டுக் கார் மாதிரிச் சிவப்புப் பெயின்ற் அடித்தார். பழையதென்று மிஞ்சியது கம்பனிப் பெயர் பொறித்த தகடு மட்டும்தான். "அசல் மெசின்" என்பார். எது அசல் என்று கேட்டுவிடாதீர்கள். அவர் விளக்கி முடிப்பதற்குள் உங்கள் அஸருத் தொழுகை தவறிப்போகும்.

அந்த அசல் மெசின் முன்விறாந்தையில் வெல்வெட் துணிக்கு மேல் வீற்றிருக்க, பின்வளவில் அவர் மனைவி ஹாஜறா கோடாரியால் அடுப்புக்குக் கொள்ளி பிளப்பாள்.

"இஞ்சாருங்க, இதால ரெண்டு கொள்ளிய அறுத்துத் தந்தா என்ன?"

"இது கொள்ளி அறுக்கிற மெசினா?"

"மறுகா என்னத்த அறுக்கிற மெசின்?"

காலிதீன் துணியால் தகட்டைத் துடைப்பார்.

போன மாரியில் ஒரு காலை, மழையோடு வந்த காற்றில் அவர் வீடு இருக்கும் ஒழுங்கையின் முனை வேம்பு வேரோடு சாய்ந்து பாதையை அடைத்துக் கிடந்தது. அடுத்த வீட்டு முஸ்பிறாவின் மருமகள் பஸ்மிலாவுக்கு அந்த நேரம் பார்த்தா இடுப்புவலி வரவேண்டும்? ஓட்டோ மரத்துக்கு உள்பக்கம். ஆஸ்பத்திரி வெளிப்பக்கம். முஸ்பிறா தலைத்துணி நழுவ ஓடிவந்தாள்.

"காக்கா, மெசினக் கொண்டு சுறுக்கா வாங்க! புள்ளக்கு ஏலாம இரிக்கி!"

காலிதீன் வந்தார். மறுக்கிற மனிதர் அல்ல அவர். இத்தனை காலமும் இந்த நாளுக்காகத்தான் காத்திருந்தவர். மெசினைக் குழந்தையைப்போலத் துவாயில் சுற்றி, ஹாஜறாவைக் குடை பிடிக்கச் சொல்லி வந்தார். குடை மெசினுக்கு. மரத்தைச் சுற்றிப் பார்த்தார். பெற்றோலில் ஒயில் கலந்த அளவு சரியா என்று போத்தலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி ஊதினார்.

"என்ன காக்கா செய்றீங்க?" என்றாள் முஸ்பிறா.

"பொறுங்க தங்கச்சி. இதுகளுக்கு ஒரு முறை இரிக்கி."

பஸ்மிலாவுக்கு முறை தெரியவில்லை. ஓட்டோவுக்குள் இருந்து அவள் கத்திய கத்தலில் ஹாஜறா குடையை எறிந்தாள். வெளிப்பக்கம் நின்ற இன்னொரு ஓட்டோக்காரனைக் கூப்பிட்டாள். அவளும் முஸ்பிறாவும் ஆளுக்கொரு கையைப் பிடிக்க, நிறைமாதப் பெண் நனைந்த அடிமரத்தின்மேல் ஏறினாள். அபாயா கிளையில் மாட்டியது. ஹாஜறா கிழித்துவிட்டாள். பஸ்மிலா மரத்துக்கு மேலே நின்று, கீழே இறங்கக் கால் எட்டாமல், "உம்மா!" என்று அலறிய அதே கணத்தில்—

மெசின் உறுமியது.

ஒழுங்கையே திரும்பிப் பார்த்தது. காலிதீனின் கண்கள் கலங்கிவிட்டன.

"சத்தத்தக் கேட்டீங்களா?"

"அறுங்களன், காக்கா!" என்றான் உள்பக்கத்து ஓட்டோக்காரன்.

"என்ன கத கதைக்கிறாய்? புதுப் பிஸ்டன். இப்பவே பாரம் குடுக்கப்படாது."

சொல்லிவிட்டு, சூடேறிவிடும் என்று மெசினை நிறுத்தினார். அதற்குள் மருமகளும் மாமியும் ஹாஜறாவும் அந்தப் பக்கத்து ஓட்டோவில் ஏறிப் போய்விட்டார்கள்.

பின்னேரம் ஆலையடிவேம்பிலிருந்து நல்லரெத்தினம் என்பவர் ஊத்தை பிடித்த மெசினொன்றோடு வந்து, வெற்றிலை மென்றபடி மரத்தைத் துண்டுதுண்டாக்கிவிட்டுப் போனார். காலிதீன் பக்கத்தில் நின்று, அந்த மெசினின் சத்தத்தில் சுருதி இல்லை என்று கடைசித் துண்டுவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அல்ஹம்துலில்லாஹ், தாயும் பெண்பிள்ளையும் சுகம். ஹாஜறாவோடு, மஸ்கெற் இனிப்பும் கொண்டு பிள்ளை பார்க்கப் போன காலிதீன், பிள்ளையை ஒரு தரம் பார்த்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"அண்டைக்கு மெசின் ஸ்டார்ட் ஆனத நீங்க கேட்டிருக்க மாட்டீங்க, மகள். அந்த அவசரத்தில."

"கேட்டன் மாமா," என்றாள் பஸ்மிலா, பிள்ளையைத் தோளில் சாய்த்தபடி. "மரத்துக்கு மேல நிண்டு கேட்டன்."

காலிதீனுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "எப்பிடி இரிந்திச்சி?" என்றார்.

ஹாஜறா எழுந்து வெளியே போனாள்.

சிரிக்கிறீர்கள். நல்லது. உங்கள் வீட்டில் செயின்சோ இல்லைத்தான். ஆனால் அலுமாரிக்கு மேல், பெட்டி பிரிக்காமல், உறை கழற்றாமல், தூசு தட்டித் தட்டி நீங்கள் வைத்திருக்கிறீர்களே ஒரு சாமான், அதைக் கொஞ்சம் தரமுடியுமா என்று அன்றைக்கு அடுத்த வீட்டார் வந்து நின்றபோது, என்ன சொல்லி அனுப்பினீர்கள்?