பித்தளை மாமாவின் ஒரே வெடி

வீட்டில் துப்பாக்கி வைத்துக்கொண்டு ஒரு கொசுவைக்கூடக் கொல்லாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில், எங்கள் எதிர்வீட்டில் இருந்தார். கொசு கடித்தால்கூடக் கையை ஆட்டி, "போ, போ" என்று அனுப்பிவைப்பார்.

அவருக்குப் பெயர் ஒன்று உண்டு. கரண்ட் பில்லில் மட்டும் வரும். மற்ற எல்லோருக்கும் பித்தளை மாமா. காரணம், அவருடைய அப்பா விட்டுப்போன பழங்காலத் துப்பாக்கி. விசைக்குக் கீழே வளையம் போல ஒரு கைப்பிடி இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூடு வெளியே துள்ளும். அடுத்த தோட்டா உள்ளே ஏறும். ஏறத்தான் தோட்டா இல்லை. அந்த அளவில் தோட்டா செய்வதை உலகம் எப்போதோ நிறுத்திவிட்டது.

நான் அப்போது துப்பாக்கி லைசன்ஸ் பார்க்கும் ஓர் அரசு ஆபீசில் செக்‌ஷன் ஆபீசர். தொண்ணூறுகளின் நடுவில் ஒருநாள், லைசன்சைப் புதுப்பிக்க மாமா வந்து நின்றார். சாப்பாட்டு நேரம், எனக்குப் பசி. தெருவில் "டேய் மணி" என்று கூப்பிடுகிறவர், ஆபீசில் கைகட்டி "சார்" என்றார். அது தலைக்கு ஏறிவிட்டது என்றும் வைத்துக்கொள்ளலாம்.

"வெடிக்காத தோக்குக்கு எதுக்கு மாமா லைசன்ஸ்? ஒரு தரம் வெடிச்சுக் காட்டுங்கோ, அன்னிக்கே ஃபைலை மேலே அனுப்பறேன்."

பக்கத்து மேஜைக்காரர்கள் சிரித்தார்கள். மாமா சிரிக்கவில்லை.

"அப்படி ஒரு ரூல் உண்டா சார்?"

"உண்டு."

கிடையாது. எந்தச் சட்டத்திலும் கிடையாது. வாயில் வந்தது, சொல்லிவிட்டேன்.

லைசன்ஸ் புதுப்பிக்கும்வரை துப்பாக்கி வீட்டில் இருக்கக்கூடாது என்பதால், மாமா அன்றே அதை ரைஃபிள் கிளப் கிடங்கில் ஒப்படைத்தார். "வெடிக்க வெச்சு ஆத்துக்கு அழைச்சுண்டு வரேன்" என்று, பெண்ணைப் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்தவர் மாதிரி சொல்லிக்கொண்டு திரும்பினார்.

கிளப் பொறுப்பாளர் மார்த்தாண்டத்துக்காரர், ராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். மருந்தும் குண்டும் அவருடைய பூட்டுக்குள். "சாமி கூட்டை மட்டும் செஞ்சு கொண்டாங்க. நிறைக்கது எனக்க சோலி" என்றார்.

கிளப்பில் சுட்டுப்போட்ட பெரிய கூடுகளை மாமா அள்ளி வந்தார். அவற்றை இரும்பு அச்சுக்குள் அழுத்தி, கழுத்தைச் சிறுக்கி, நீளத்தை ராவிக் குறைக்க வேண்டும். அழுத்துவதற்கு அவர் எடுத்தது மாமி சேவை பிழியும் நாழி. கூடு அச்சில் சிக்கியது, நாழி உடைந்தது. அந்த வருஷம் முழுக்க அந்த வீட்டில் சேவை கிடையாது.

பிறகு சாலை பஜார் லேத் பட்டறையில் ஒரு திருகு அழுத்தி செய்து வாங்கினார். இப்போது கூடுகள் விரிசல் விட்டன. சுபேதார் ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். "சாமி, இதுல விரிசல் கெடக்கு. வெடிச்சா மூஞ்சி பேந்துரும்." மாமா பொறுக்கிக்கொண்டு திரும்புவார். கழுத்தைச் சூடாக்கினால் பித்தளை இளகும் என்று கண்டுபிடித்து, காஸ் அடுப்பில் காட்ட ஆரம்பித்தார்.

"சாம்பார் கொதிக்கற எடத்துல என்ன இது, ஹோமமா?" என்றாள் மாமி.

விரிசல் நின்றது, சொட்டை விழுந்தது. அச்சில் வழுக்கப் போட்ட தேங்காயெண்ணெய்தான் காரணம் என்றார் மாமா. நெய்யைப் போட்டுப் பார்த்தார். மாமி கிண்ணத்தைப் பிடுங்கிக்கொண்டாள். ஒருநாள் விடியும்போதே எங்கள் வாசலில் நின்று கத்தினார்: "டேய் மணி! விளக்கெண்ணெய்டா!" பேரன் பிறந்த சேதி மாதிரி இருந்தது. அளவாகத் தடவினால் கூடு கண்ணாடி போல வந்ததாம்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். ஃபைலை எந்த நாளும் அனுப்பியிருக்கலாம். முதலில் சோம்பல். அப்புறம் வெட்கம். விரல் நுனியெல்லாம் கொப்புளமாக நிற்கிறவரிடம் "அதெல்லாம் வேண்டாம் மாமா, சும்மா சொன்னேன்" என்று எப்படிச் சொல்வது?

வருஷங்கள் ஓடின. நான் ரிட்டயர் ஆகும் மாதம் வந்தது. எனக்கு அடுத்து வருகிறவர், புதுப்பிக்காத பழைய துப்பாக்கிகளை உருக்க அனுப்பப் போவதாக இப்போதே சொல்லிக்கொண்டிருந்தார். மாமா அசரவில்லை. ஒரு டப்பா நிறைய அப்பழுக்கில்லாத கூடுகள் தயார். ஞாயிற்றுக்கிழமை சுடுவதென்று சுபேதாரும் சம்மதித்துவிட்டார்.

அதற்கு முன்னால் நவராத்திரி வந்தது. கழித்துப்போட்ட கூடுகளில் குங்குமம் அடைத்து, கொலு பார்க்க வருகிறவர்களுக்குத் தாம்பூலத்தோடு கொடுக்க மாமி அனுமதி வாங்கியிருந்தாள்.

"ஏண்டி, மேல்தட்டு டப்பா எங்கே?"

"குடுத்தாச்சு."

"கீழ்த்தட்டுன்னா சொன்னேன்!"

"விரிசல் விட்டதையும் சொட்டை விழுந்ததையுமா சுமங்கலிகளுக்குக் குடுப்பா? நல்லதாப் பாத்துத்தான் குடுத்தேன்."

மாமா பை நிறைய எவர்சில்வர் சிமிழ் வாங்கிக்கொண்டு, மாற்றிக் கேட்க வீடு வீடாக ஏறினார். "நவராத்திரியில வாங்கினதைத் திருப்பிக் குடுக்கப்படாது மாமா. அம்பாள் கோபிச்சுப்பா" என்று எல்லா வீட்டிலும் ஒரே பதில். கூடு வரவில்லை. சுண்டல் வந்தது.

எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. சர்வீஸ் முழுவதும் ஆபீஸ் குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவராத நான், மனைவி குளிக்கப் போன நேரத்தில் அதைத் திருடினேன். குங்குமத்தைக் கழுவி, வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டுபோய் மாமா கையில் வைத்தேன்.

"ஒண்ணுதான் மாமா கிடைச்சுது."

"ஒண்ணு போறும்டா. ரூல்ல ஒரு தரம்னுதானே இருக்கு?"

"ஆமாம்" என்றேன், தரையைப் பார்த்து.

ஞாயிற்றுக்கிழமை சுபேதார் அந்த ஒற்றைக் கூட்டை நிறைத்துக் கொடுத்தார். "இது வெடிக்கல்லேன்னா வேற இல்ல, பாத்துக்கிடுங்க சாமி."

"தெரியும் ஓய். தள்ளி நில்லும்."

அந்தத் துப்பாக்கிக்காக நான் வேண்டிக்கொண்டது போல என் சொந்தப் பிரமோஷனுக்குக்கூட வேண்டிக்கொண்டதில்லை. மாமா தோளில் தாங்கிக் கொஞ்ச நேரம் நின்றார். வெடித்தது! மரத்திலிருந்த காக்கையெல்லாம் எழும்பின. குறிவைத்த பலகை அப்படியே இருந்தது. குண்டு பின்னாலிருந்த மண்மேட்டுக்குப் போயிருந்தது. மாமா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. கைப்பிடியைத் தள்ளிக் கூட்டைத் துள்ளவிட்டார். துப்பாக்கியைச் சுபேதாரிடம் நீட்டிவிட்டு, புல்லில் நாலு காலில் தவழ்ந்து, கூட்டைப் பொறுக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தார்.

"விரிசல் இல்லே சார்! பாருங்கோ! பாருங்கோ!"

கூடு என் உள்ளங்கையைச் சுட்டது. கீழே போடவில்லை.

மறுநாளே ஃபைல் மேலே போனது. துப்பாக்கி ஆட்டோவில், மாமாவின் மடியில், வீட்டுக்கு வந்தது. அன்றிலிருந்து தெருவில் யார் கிடைத்தாலும் மாமா பிடித்து நிறுத்திச் சொல்வார்: "மணி மாதிரி கண்டிப்பான ஆபீசர் உண்டோ? எதிராத்துக்காரன்னு ரூலைத் தளர்த்தினானா? இல்லையே!"

அவர் போய்ச் சில வருஷங்கள் ஆகின்றன. கடைசிவரை உண்மையைச் சொல்லவில்லை. கோபித்துக்கொள்வார் என்று பயமில்லை, சிரித்துவிடுவார். ஆனால் அந்தப் பெரிய ஊரில் என்னை ஒரு நல்ல ஆபீசர் என்று நம்பியவர் அவர் ஒருவர்தான்; அவரை இழக்க எனக்கு மனம் வரவில்லை.